அழைப்பு அவருக்கு, பயணம் நாலு பேருக்கும்

போன மாசம் ஊரிலிருந்து ஒரு தங்கச்சி போன் பண்ணினாள். எங்க பழைய சபையில், ஞாயிறுபள்ளியில் என்னிடம் படித்தவள். கல்யாணமாகி மூணு வருஷம், கையில் ஒரு குழந்தை. "அக்கா, இவங்க வேலையை விட்டுட்டு பி.டி. படிக்கப் போறேங்காங்க. ஊழியத்துக்கு அழைப்பு வந்திருக்காம். நானும் ஒரு மாசமா ஜெபம் பண்ணிட்டுதான் இருக்கேன். எனக்கு ஒண்ணும் கேக்கல. நான்தான் விசுவாசம் இல்லாதவளா?" என்றாள்.

அரை மணி நேரம் பேசினோம். போனை வைத்த பிறகுதான், சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் மற்றதையெல்லாம் சொல்லியிருக்கிறேன் என்று தோன்றியது. அதை இங்கே எழுதி வைக்கிறேன். நான் சரித்திரம் படித்தவள். எதையும் ஒரு பழைய கதையைத் தொட்டுத்தான் எனக்குச் சொல்ல வரும். அதனால் இது பாதி எங்க வீட்டுக் கதை, பாதி இருநூறு வருஷத்துக்கு முந்தின இன்னொரு வீட்டுக் கதை. இரண்டுக்கும் நடுவில் நேரடித் தொடர்பு ஒன்று இருக்கிறது. வருகிறேன்.

முதலில், இந்த ஏற்பாடு எப்படி நடக்கிறது?

கிறிஸ்தவர் அல்லாத நண்பர்களும் படிப்பதால் இதைச் சொல்லிவிடுகிறேன். தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) மாதிரி சபைகளில் ஒருவர் குருவானவர் ஆக, "எனக்கு அழைப்பு இருக்கிறது" என்று சொன்னால் மட்டும் போதாது. அந்த அழைப்பைத் திருமண்டலம் சோதித்துப் பார்க்கும். விண்ணப்பம், சேகர குருவானவரின் கடிதம், நேர்காணல் எல்லாம் உண்டு. தேர்வானால் திருமண்டலமே அவரை ஒரு இறையியல் கல்லூரிக்கு அனுப்பும். அங்கே படிப்பதுதான் பி.டி. ஏற்கெனவே ஒரு பட்டம் வைத்திருப்பவர்களுக்குப் பொதுவாக 4 வருஷம். பழைய ஏற்பாட்டைப் படிக்க எபிரேயம், புதிய ஏற்பாட்டைப் படிக்க கிரேக்கம், சபைச் சரித்திரம், மற்ற சமயங்கள், சமூகம், பிரசங்கம், மனம் நொந்தவர்களோடு பேசுவது என்று பாடங்கள். முடித்து வந்தால் முதலில் டீக்கன், பிறகு பிரஸ்பிட்டர் என்று இரண்டு படிகளில் அபிஷேகம்.

இதற்கு ஏன் ஊரை விட்டுப் போகணும்? ஏனென்றால் இந்தக் கல்லூரிகள் தங்கிப் படிக்கும் இடங்கள். மதுரை அரசரடியில் இருக்கும் தமிழ்நாடு இறையியல் கல்லூரி, சென்னை குருகுலம், பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரி எல்லாமே அப்படித்தான். காலை ஆராதனை, சேர்ந்து சாப்பிடுவது, வாரக் கடைசியில் ஏதாவது ஒரு சபையில் ஊழியம். சேர்ந்து வாழ்வதும் படிப்பில் ஒரு பங்கு என்பது இதன் பின்னால் உள்ள எண்ணம். நல்ல எண்ணம்தான். தனி ஆளாக இருந்தால் ஒரு டிரங்குப் பெட்டியோடு போய்விடலாம். கல்யாணமாகி, பிள்ளைகள் பிறந்து, ஒரு வேலையில் இருந்தபின் அழைப்பு வருகிறவர்களுக்குத்தான் சிக்கல்.

இன்னொரு விஷயத்தையும் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. இது 4 வருஷத்து இடமாற்றம் இல்லை. படிப்பு முடிந்தால் ஒரு சேகரம். சில வருஷத்துக்கு ஒருமுறை மாற்றல். குடியிருப்பது சபைக்குச் சொந்தமான குருமனை. ஓய்வு பெறும் அன்றைக்கு அதையும் காலி செய்துகொடுக்கணும். அதாவது, அந்த முதல் மூட்டை கட்டுவது ஒரு வாழ்க்கை முழுக்கக் கட்டப்போகிற மூட்டைகளில் முதலாவது.

எங்க வீட்டுக் கதை

2015 ஜூன். என் வீட்டுக்காரர் ஒரு மருந்துக் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதியாக இருந்தார். நான் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திரம் எடுத்துக்கொண்டிருந்தேன். மகளுக்கு 4 வயசு, மகனுக்கு 10 மாசம்.

நேர்காணலுக்கு மனைவியும் வரணும் என்றார்கள். அவரிடம் அரை மணி நேரத்துக்கு மேல் கேட்டார்கள். என்னிடம் ஒரே கேள்வி. "உங்களுக்கும் சம்மதம்தானேம்மா?"

அந்தத் 'தானே'யைக் கவனியுங்கள். சம்மதமா என்று கேட்டால் இரண்டு பதில் சொல்லலாம். சம்மதம்தானே என்று கேட்டால் ஒன்றுதான் சொல்ல முடியும். "ஆமாங்கய்யா" என்றேன். அது பொய் இல்லை. ஆனால் அதைப் பதில் என்றும் சொல்ல முடியாது.

வழியனுப்பு ஆராதனையில் ஆபிரகாமைப் பற்றிப் பிரசங்கம். ஊரையும் இனத்தையும் விட்டுப் புறப்பட்ட விசுவாசத் தகப்பன். எல்லாரும் என் வீட்டுக்காரரைப் பார்த்தார்கள். சாராளிடம் யாராவது கேட்டார்களா என்று அந்த அதிகாரத்தில் ஒரு வார்த்தை கிடையாது. அன்றைக்கு எனக்கும் அது உறைக்கவில்லை. ஒன்பது அட்டைப்பெட்டி, ஒரு கிரைண்டர், இரண்டு பிள்ளைகளோடு பெங்களூர் ரயில் ஏறினோம்.

கல்லூரியின் பெயர் வேண்டாம். நல்ல மனுஷர்கள்தான் அங்கே இருந்தார்கள். ஒரு அறையும் ஒரு சமையலறையும் கொடுத்தார்கள். உதவித்தொகை ஒரு மாணவருக்குக் கணக்குப் போட்டது. நாலு வயிறு அதில் அடங்காது. முதல் வருஷம் ஓடியது என் பி.எஃப். பணத்தில். கேட்டில் இருந்த நோட்டில் என் பெயர் இருக்கும் இடத்தில் 'மாணவர் மனைவி' என்று எழுதியிருந்தது. செவ்வாய்க்கிழமை மதியம் மனைவிமாருக்கு வகுப்பு. பெண்கள் ஐக்கிய சங்கம் நடத்துவது எப்படி, பாட்டு, கேக். அதைக் குறை சொல்ல மாட்டேன், எனக்குத் தோழிகள் கிடைத்தது அங்கேதான். ஆனால் ஆறு வருஷம் வகுப்பில் நின்று பேசினவள் நான். அந்த வாய் அங்கே யாருக்கும் தேவைப்படவில்லை.

அங்கே ஒரு பெண் மாணவியும் இருந்தார். சி.எஸ்.ஐ.யில் 1976 முதல் பெண்களுக்கும் குருப்பட்டம் உண்டு. 2013ல் நந்தியாலில் புஷ்பா லலிதா அம்மா பிஷப்பாகவே ஆனார். அந்த மாணவியின் வீட்டுக்காரர் வேலையை விட்டுவிட்டு மனைவியோடு வந்திருந்தார். வளாகத்தில் பார்க்கிறவர்களெல்லாம் அவரிடம், "தம்பி இங்க என்ன பண்ணப் போறீங்க? பொழுது எப்படிப் போகுது?" என்று அக்கறையாக விசாரிப்பார்கள். எங்களிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை.

இரண்டாம் வருஷம் எனக்கு ஜெபம் நின்றுபோனது. கோபமோ சண்டையோ இல்லை. முழங்காலில் நின்றால் வார்த்தை வராது, அவ்வளவுதான். ஒருநாள் ராத்திரி அவரிடம் கேட்டேன். "உங்களைக் கூப்பிட்டவர்கிட்ட என் நம்பரும் இருக்கும்ல? ஒரு மிஸ்டு கால்கூட ஏன் வரல?" அவர் சிரிக்கவில்லை. பதிலும் சொல்லவில்லை.

சான்றிதழில் இருக்கும் ஊர்

அந்தச் சமயத்தில்தான் அவருடைய பரீட்சைத் தாள் ஒன்று மேஜையில் கிடந்தது. மேலே 'செராம்பூர்' என்று போட்டிருந்தது. பெங்களூரில் படிக்கிறவருக்கு வங்காளத்து ஊர் ஏன் பட்டம் கொடுக்கிறது? சரித்திரக்காரிக்கு இது போதாதா? நூலகத்தில் அனுமதி வாங்கி உட்கார்ந்தேன்.

செராம்பூர் கல்கத்தாவுக்கு வடக்கே, ஹூக்ளி நதிக்கரையில் இருக்கிறது. அன்றைக்கு நம்ம தரங்கம்பாடி மாதிரியே டேனிஷ்காரர்கள் வசம் இருந்த ஊர். 1845ல் இரண்டு ஊரையும் சேர்த்துத்தான் ஆங்கிலேயரிடம் விற்றார்கள். அங்கே வில்லியம் கேரி, ஜோஷுவா மார்ஷ்மன், வில்லியம் வார்ட் என்ற மூன்று பாப்டிஸ்ட் மிஷனரிகள் 1818ல் ஒரு கல்லூரி தொடங்கினார்கள். எந்தச் சாதிக்காரரும் எந்த மதத்துக்காரரும் படிக்கலாம் என்று திறந்த கல்லூரி. 1827ல் டென்மார்க் ராஜா ஆறாம் பிரடெரிக், பட்டம் கொடுக்கும் உரிமையைச் சாசனமாக எழுதிக் கொடுத்தார். அந்த உரிமை நெடுங்காலம் தூங்கிக் கிடந்து, 1915ல் முதல் பி.டி. பட்டங்களாக விழித்தது. 1918ல் வங்காளத்தில் அதற்கென்று தனிச் சட்டமும் வந்தது. இந்தியாவின் பல இறையியல் கல்லூரிகள் இன்றைக்கும் அந்தச் செராம்பூரோடு இணைக்கப்பட்டவை. மதுரையில் படித்தாலும் பெங்களூரில் படித்தாலும் சான்றிதழில் அந்த ஊர் வருவது இதனால்தான்.

கேரியைப் பற்றி ஞாயிறுபள்ளியிலேயே தெரியும். செருப்புத் தைத்தவர், பல மொழிகள் கற்றவர், 1801ல் வங்காளத்தில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டவர். அவருக்கு ஒரு மனைவி இருந்ததைப் பற்றி ஒரே ஒரு வரி கேட்டிருந்தேன், வரமாட்டேன் என்று தடை செய்தவள் என்று. அந்த ஒரு வரிக்குப் பின்னால் என்ன இருந்தது என்று அன்றைக்குத்தான் படித்தேன்.

டாரதி

டாரதி பிளாக்கெட், கேரியைவிட ஐந்தாறு வயசு மூத்தவர். 1781ல் பிடிங்டன் என்ற சின்ன கிராமத்தில் கல்யாணம். எழுதத் தெரியாததால் பதிவேட்டில் கையெழுத்துக்குப் பதில் ஒரு சிலுவைக் குறி போட்டார். இரண்டு பெண் குழந்தைகளைச் சிசுவிலேயே மண்ணில் வைத்தவர். 1793ல் கணவர் இந்தியாவுக்குப் போகிறேன் என்றபோது அவர் கர்ப்பிணி. வரவில்லை என்றார். கேரி மூத்த மகன் பெலிக்ஸை மட்டும் கூட்டிக்கொண்டு கப்பல் ஏறினார்.

அந்தக் கப்பல் அவர்களை ஏற்றிச் செல்லவில்லை. கம்பெனியின் அனுமதி இல்லை என்று இறக்கிவிட்டார்கள். அந்தத் தாமதத்தில் டாரதிக்குப் பிரசவம் ஆகிவிட்டது. கேரியும், கூடப் போகவிருந்த ஜான் தாமஸும் திரும்ப வந்து கேட்டார்கள். டாரதி மறுபடியும் இல்லை என்றார். வெளியே வந்தபின் தாமஸ் மட்டும் தனியாகத் திரும்பிப் போனார். இப்போது வராவிட்டால் ஆயுசுக்கும் வருத்தப்படுவாய், குடும்பம் சிதறிப்போகும் என்கிற மாதிரி பேசினார். டாரதி இறங்கி வந்தார். தங்கச்சி கிட்டி கூட வந்தால் வருகிறேன் என்றார். யோசிக்க நேரம் கிடையாது. சாமான்களைக் கையில் கிடைத்தபடி கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். ஜூன் 13ஆம் தேதி டேனிஷ் கப்பலில் ஏறினபோது நாலு பையன்கள், அதில் கடைசி பிறந்து சில வாரங்களே ஆன கைக்குழந்தை.

ஐந்து மாசம் கடல். நவம்பரில் கல்கத்தா. பிறகு பாண்டெல், மாணிக்தலா, சுந்தரவனத்தில் தேபட்டா, கடைசியில் மால்டா பக்கம் அவுரித் தொழிற்சாலை இருந்த மட்னாபாட்டி. ஒரு வருஷத்துக்குள் ஐந்து இடம். கையில் பணம் இல்லை, வயிற்றுக்கடுப்பு விடவில்லை. எந்தத் தங்கச்சியை நம்பி வந்தாரோ, அந்தக் கிட்டி நடுவில் ஒரு கம்பெனி அதிகாரியைக் கல்யாணம் செய்துகொண்டு பின்தங்கிவிட்டார். 1794ல் மட்னாபாட்டியில் மகன் பீட்டர் 5 வயசில் வயிற்றுக்கடுப்பில் செத்துப்போனான். குழி தோண்ட ஆள் கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது.

அதன்பிறகு டாரதியின் மனசு திரும்பவில்லை. கணவர் தனக்குத் துரோகம் செய்கிறார் என்ற எண்ணம் பிடித்துக்கொண்டது. பின்னாளில் அறையில் வைத்துப் பூட்ட வேண்டிவந்தது. பக்கத்து அறையில் அவர் சத்தம் போட்டுக்கொண்டிருக்க, கேரி உட்கார்ந்து வேதத்தை மொழிபெயர்த்தார். 1807 டிசம்பர் 8ஆம் தேதி டாரதி இறந்தார். ஜேம்ஸ் பெக் என்ற ஆலோசனைத் துறைப் பேராசிரியர் 1992ல் அவரைப் பற்றி ஒரு தனிப் புத்தகமே எழுதினார். அதுவரைக்கும் பெரும்பாலும் கேரியின் கதையில் ஒரு சோகமான பத்தியாகத்தான் டாரதி இருந்தார்.

கேரியைக் கொடுமைக்காரர் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அது நியாயம் இல்லை. கடைசி வரைக்கும் மனைவியை வேறெங்கும் அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துப் பார்த்தார். இடமாற்றம் மட்டும்தான் டாரதியின் மனசை உடைத்தது என்றும் சொல்ல முடியாது. மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய் அவர். ஆனால் ஒன்று நிச்சயம். பயந்து சொன்ன ஒரு 'சரி'யைத் தவிர, அந்தப் பயணத்தில் அவருடையது என்று எதுவும் இல்லை.

அதே செராம்பூரில் இன்னொரு மனைவி இருந்தார், ஹன்னா மார்ஷ்மன். 1799ல் வந்தார். ஒரு கூட்டத்தோடு வந்தார், தனியாக இல்லை. செராம்பூரில் எல்லாக் குடும்பங்களுக்கும் ஒரே சாப்பாட்டு மேஜை, ஒரே பொதுப் பணம். 1800ல் கணவரோடு சேர்ந்து விடுதிப் பள்ளிக்கூடம் தொடங்கினார். அந்த வருமானம் மிஷனையே தாங்கியது. தாய் இருந்தும் இல்லாமல்போன கேரியின் பையன்களுக்கும் அவரே தாயாக இருந்தார். ஹன்னா பலசாலி, டாரதி பலவீனமானவர் என்று பிரசங்கம் செய்யலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒருத்தருக்கு வேலையும் துணையும் இருந்தது. மற்றவருக்கு இரண்டும் இல்லை.

மேஜையில் இருந்த கடிதம்

இதையெல்லாம் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். டாரதி அவருக்கும் ஒரு வரியாகத்தான் தெரிந்திருந்தார். அந்த மே மாசம் விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தோம். என் முகத்தைப் பார்த்துவிட்டு அத்தை சொன்னாங்க, "நீ பிள்ளைகளோட இங்கேயே இருந்துரு. அவன் படிச்சு முடிச்சுட்டு வரட்டும்." பழைய பள்ளிக்கூடத்திலும் வேலை இருந்தது.

அன்று ராத்திரி அவர் ஒரு வெள்ளைத்தாளில் ஏதோ எழுதி, மேஜையில் வைத்தார். படிப்பிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று திருமண்டலத்துக்குக் கடிதம். கையெழுத்தும் போட்டிருந்தார், தேதி மட்டும் போடவில்லை. "நீ இங்க இருக்கணும்னாலும் சரி, நாம எல்லாரும் இங்கேயே இருந்துரணும்னாலும் சரி. ஒரு வாரம் எடுத்துக்கோ. தேதியை நீ போடு" என்றார்.

அந்த ஒரு வாரம்தான் எனக்கு வைத்த நேர்காணல். முதல் தடவையாக 'இல்லை' என்று சொல்லக்கூடிய இடத்தில் நின்று யோசித்தேன். ஏழாம் நாள் கடிதத்தை மடித்து என் வேதாகமத்துக்குள் வைத்துவிட்டு, டிக்கெட் போடச் சொன்னேன். நாலு டிக்கெட்.

பெங்களூர் மாறிவிடவில்லை, அதே ஒரு அறைதான். வாரத்தில் மூணு சாயங்காலம் பிள்ளைகளை அவர் பார்த்தார், நான் வளாகத்துக்கு வெளியே டியூஷன் எடுத்தேன். செராம்பூர் அஞ்சல் வழியில் கொடுக்கும் கிறிஸ்தவக் கல்விப் பட்டம் ஒன்று உண்டு, பி.சி.எஸ். என்பார்கள். அதில் நானும் சேர்ந்தேன். 2019ல் அவர் முடித்தார். எனக்கு இன்னும் இரண்டு வருஷம் ஆயிற்று. இப்போது குருமனைச் சுவரில் இரண்டு செராம்பூர் சான்றிதழ் மாட்டியிருக்கிறது. ஜெபமும் திரும்ப வந்தது, ஒரே நாளில் இல்லை, கொஞ்சம் கொஞ்சமாக. மிஸ்டு கால் இன்றைக்கும் வரவில்லை. சிலருக்கு அப்படி வராது போலிருக்கிறது.

தங்கச்சிக்கு

நீ விசுவாசம் இல்லாதவள் இல்லை. உனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்றால், உனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவ்வளவுதான். டாரதியின் முதல் 'இல்லை'யும் அவிசுவாசம் இல்லை. வயிற்றுப் பிள்ளையோடு இருந்த ஒரு தாயின் கணக்கு அது.

போவதற்கு முன்னால் இவற்றையெல்லாம் கேட்டுக்கொள். குடும்பத்துக்கு வீடு உண்டா, எப்போதிலிருந்து? உதவித்தொகை எத்தனை பேருக்குக் கணக்கு? பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கு யார் பொறுப்பு? உன் வேலையை ராஜினாமா செய்யாமல் சம்பளமில்லா விடுப்பு கிடைக்குமா? அங்கே உனக்கென்று என்ன வேலை, என்ன படிப்பு? உடம்போ மனசோ முடியாமல் போனால் யாரிடம் போவாய்? இதையெல்லாம் கேட்பது அவருடைய அழைப்பைச் சந்தேகப்படுவது இல்லை.

கடைசியாக ஒரு கேள்வி. அதை அவரிடம் கேள், அவர் பதில் சொல்லும்வரை காத்திரு: "நான் வேண்டாம்னு சொன்னா என்ன ஆகும்?" அதற்குப் பதில் இல்லை என்றால், உன்னிடம் இன்னும் யாரும் கேட்கவே இல்லை என்று அர்த்தம். பதில் இருந்தால், அது உனக்குப் பிடித்த பதிலாக இல்லாவிட்டாலும், நீ சொல்லப்போகும் 'சரி'க்கு ஒரு மதிப்பு வந்துவிடும்.

எங்க கடிதம் இன்னும் என் வேதாகமத்துக்குள்தான் இருக்கிறது, தேதி போடாமல். மூணு குருமனை மாறிவிட்டோம். ஒவ்வொரு தடவையும் மூட்டை கட்டும்போது அதை எடுத்து ஒருமுறை பார்ப்பேன். அப்புறம் மடித்து உள்ளே வைத்துவிட்டு, கிரைண்டரைத் துணியில் சுற்ற ஆரம்பிப்பேன்.